எறும்புகள் தூக்கிப்போன வழி

24.12.1995, ஞாயிறு. ரயிலில்.

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். அழகாக இருக்கும் என்பதற்காக எதையும் சேர்க்க மாட்டேன். எனக்குச் சங்கடமாக இருக்கிறது என்பதற்காக எதையும் விடவும் மாட்டேன். "கட்டுரையில ஜோடிக்கலாம் மணிமொழி, நாட்குறிப்புல ஜோடிச்சா அது உனக்கு நீயே சொல்ற பொய்" என்று தமிழ் டீச்சர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நான் விருதுநகரில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். மாவட்ட அளவில் நடந்த கட்டுரைப் போட்டியில் பாறைகளைப் பற்றி எழுதி முதல் பரிசு வாங்கினேன். பரிசாகக் கோப்பை தரவில்லை. மத்தியப் பிரதேசத்தில் சாத்பூரா மலையில், பச்மடிக்கு அருகே நடக்கும் மலைநடை முகாமில் எனக்கும் ஒரு பாதுகாவலருக்கும் இடம் தந்தார்கள். காடு, ஆழமான மலையிடுக்குகள், மணற்பாறைகள் எல்லாவற்றையும் நடந்தே பார்க்கலாம். கடைசி நாள் நடை ஓவியப் பாறைக்கு.

அதற்காகத்தான் நான் போகிறேன். எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு தடிப் புத்தகத்தில் அந்தப் பாறையின் படம் இருக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்போ, சில நூறு ஆண்டுகளுக்கு முன்போ, யாரோ வெள்ளை நிறத்தில் வரைந்த ஆட்கள் கைகோத்து வரிசையாக ஆடுகிறார்கள். வலது ஓரத்தில் படம் முடிந்துவிடுகிறது. அங்கே ஒரு கை மட்டும் நீண்டு, அடுத்தவரைப் பிடித்திருக்கிறது. அந்த அடுத்தவர் யார் என்று தெரியாமல் இரண்டு வருடங்களாக எனக்கு நிம்மதி இல்லை.

அப்பாதான் வருவதாக இருந்தது. லாரி ஆபீசில் வருடக் கடைசி வேலை என்று லீவு தரவில்லை. ஆகவே அம்மா வருகிறாள். அம்மாவின் பெயர் ஜெயக்கொடி. கூட்டுறவு ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாள். "நிக்கச் சொன்னா மூணு நாளு நிப்பேன், நடக்கத்தான் வராது" என்று அவளே சொல்வாள். பஸ் ஸ்டாண்டுக்குக்கூட ஆட்டோ பேசுகிறவள்.

முகாமில் ஒரு விதி. பதினைந்து வயது நிறையாதவர்கள் எந்தப் பாதையை நடந்தாலும் பாதுகாவலரும் அதே பாதையை நடந்து முடிக்க வேண்டும். பாதுகாவலர் முடியாமல் ஜீப்பில் ஏறினால் பிள்ளையும் ஜீப்பில் ஏற வேண்டும். எனக்கு இன்னும் பதினான்குதான்.

அம்மா பெட்டியைத் திறந்தபோது துணிகளுக்கு நடுவில் ஒரு பெரிய பால்பவுடர் டப்பா இருந்தது.

"என்னம்மா இது?"

"கோல மாவு. மார்கழி மாசம்டி. வாசல்ல கோலம் இல்லாம ஒருநா விட்டதில்ல."

"அங்க வாசலே கிடையாது. டென்ட்."

"டென்டுக்கு உள்ள போற வாய் இருக்கும்ல? அதான் வாசல்."

இந்த உரையாடலை எதிர் சீட்டில் இருந்த குடும்பம் முழுவதும் கேட்டுச் சிரித்தது. நான் ஜன்னல் வழியே வெளியே பார்த்தேன். கோதாவரி வரும் நேரம் என்பதால்.

25.12.1995, திங்கள்.

வந்து சேர்ந்துவிட்டோம். குளிர் காதுக்குள் நுழைகிறது.

முகாம் ஒரு பெரிய பாறைத் தளத்தின் மேல் இருக்கிறது. தளமே மணற்கல். கூடாரங்களின் பின்னால் சால் மரக்காடு. சால் மரங்கள் நேராக, ஒரே உயரத்தில், பள்ளிப் பிரார்த்தனைக்கு நிற்பதுபோல் நிற்கின்றன. முன்னால் தரை திடீரென்று முடிந்துவிடுகிறது. எட்டிப் பார்த்தால் கிடுகிடு பள்ளம். அடியில் ஓடை ஓடும் சத்தம் கேட்கிறது, ஓடை தெரியவில்லை. இப்படிப்பட்ட மலையிடுக்கை இங்கே 'கோ' என்கிறார்கள்.

எதிர்ப்பக்கச் சுவரில் பாறை வரிவரியாக, நிறம்நிறமாக இருக்கிறது. முன்னொரு காலத்தில் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணல் அடுக்கடுக்காக இறுகிக் கல்லானது என்று படித்ததை அம்மாவுக்கு விளக்கினேன். அம்மா கேட்டுவிட்டுச் சொன்னாள்: "மேல அரக்கு. அதுக்குக் கீழ சந்தனக் கலர். அடியில பாக்கு. அந்த ஓரத்துல பாரு, மயில்கழுத்து. முகூர்த்தத்துக்கு இந்தக் கலர் கேட்டா எடுத்துப் போடுறதுக்குள்ள கை ஓஞ்சு போகும்." பாறையைச் சேலையாகப் பார்ப்பது அறிவியல் ஆகாது. ஆனால் நிறங்களின் வரிசை சரியாகத்தான் இருந்தது.

முகாம் தலைவி நிர்மலா தீதி. கழுத்தில் விசில். வழிகாட்டி உய்க்கே பையா இந்தக் காட்டுக்காரர், பேசுவது குறைவு. இங்கே தீதி என்றால் அக்கா, பையா என்றால் அண்ணன். தமிழர்கள் எங்களைத் தவிர இரண்டே பேர். ஒருவர் காரைக்குடி சிங்காரவேலு, ஓய்வுபெற்ற தாசில்தார். நான் மாமா என்று கூப்பிடுகிறேன். இன்னொருவர் கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கும் ஹேமா அக்கா.

அம்மா மாமாவை "அண்ணாச்சி" என்று கூப்பிட்டதும் அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஏன் ஆத்தா, எங்க ஊர்ல அண்ணாச்சின்னா பலசரக்குக் கடை வச்சிருக்கணும். எங்கிட்டக் கால் கிலோ பருப்புகூடக் கிடையாது."

"அதுக்கென்ன அண்ணாச்சி, வச்சுட்டாப் போச்சு" என்றாள் அம்மா.

நான் இந்திப் பரீட்சைகள் எழுதியிருப்பதால் எனக்கு இந்தி புரியும். அம்மாவுக்கு 'நமஸ்தே' மட்டும் தெரியும், அதை இரண்டு தடவை சொன்னாள். நிர்மலா தீதி அம்மாவின் பாதங்களைப் பார்த்துவிட்டு, "உன் அம்மாவால் இவ்வளவும் நடக்க முடியுமா, கேட்டுச் சொல்" என்றார். நான் கேட்கவில்லை. "முடியும் என்கிறார்" என்று சொல்லிவிட்டேன். உண்மையை எழுதுவதாகச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன்.

ஒன்பது மணிக்கு விசில் ஊதி ஜெனரேட்டரை நிறுத்துவார்களாம்.

26.12.1995, செவ்வாய்.

காலையில் கூடாரத்தின் முன்னால் கோலம். சிவப்புப் பாறையில் வெள்ளைக் கோலம் நன்றாகத்தான் இருந்தது. எல்லோரும் வந்து பார்த்தார்கள். மாமா தன் கேமராவில் படம் எடுத்தார். பல்விளக்கிவிட்டு வருவதற்குள் ஓரங்களில் எறும்புகள் வந்துவிட்டன. "கல்லு மாவுல போடலாம்ல, ரொம்ப நேரம் இருக்குமே" என்று ஹேமா அக்கா கேட்டார். "யாரு பாக்க இருக்கணும்? எறும்பு திங்கத்தான கோலம். கல்லு மாவுல போட்டா விருந்துக்குக் கூப்பிட்டுக் காலி இலையப் போட்ட மாதிரி" என்றாள் அம்மா.

இன்று பழக்க நடை. காட்டைச் சுற்றிவந்து, காளான் வடிவப் பாறைகளைப் பார்த்துத் திரும்ப வேண்டும். காற்றும் மழையும் அடிப்பாகத்தை அரித்து, மேல்பாகத்தைத் தொப்பிபோல விட்டிருக்கின்றன. ஓரிடத்தில் பாறைத் தரையில் அலைகள் பதிந்திருந்தன. தண்ணீர் போய்விட்டது, அலை கல்லாகி நிற்கிறது. நான் அதன்மேல் கையை வைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அம்மா கடைசி. சேலையைத் தூக்கிச் செருகி, அதன்மேல் அப்பாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டு, புதுக் கேன்வாஸ் ஷூவுடன் வந்தாள். ஒவ்வொரு வளைவிலும் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். நான் முன்வரிசையிலேயே நடந்தேன். பாறைகளைக் குறித்துக்கொள்ள அதுதான் வசதி.

மாலையில் நிர்மலா தீதி எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: ஓவியப் பாறைக்குப் போகும் பாதை மலையிடுக்கில் இறங்கி ஏறுவது. அடுத்த நடையிலும் இவ்வளவு பின்தங்குகிறவர்கள் கடைசி நாள் ஜீப்பில் அருவிக்குப் போவார்கள். சொல்லும்போது யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

"என்னடி சொல்றாங்க?"

"வேகமா நடக்கணுமாம்."

"எதுக்கு? பாறை எந்திரிச்சா ஓடிரும்?"

அம்மாவின் காலுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டேன். ரொம்ப அழுத்தித் தேய்த்ததாகச் சொன்னாள்.

27.12.1995, புதன்.

நாள் முழுக்க மழை. நடை இல்லை. சமையல் கூடாரத்தில் அம்மா நிர்மலா தீதிக்குப் புள்ளிக் கோலம் சொல்லிக்கொடுத்தாள், மாவு வீணாகாமல் ஈர மண்ணில் குச்சியால். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூடத் தெரியாது. மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடவும் இல்லை.

28.12.1995, வியாழன்.

இன்றைய நாளைப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். காரணம் பிறகு வரும்.

காலையில் நல்ல வெயில். மலையிடுக்கில் இறங்கி, ஓடையைக் கடந்து, எதிர்ப்புறம் ஏறி, யானை முதுகு போன்ற ஒரு பாறையில் மதியச் சாப்பாடு. இதுதான் பாதை. வேகமானவர்கள் முதல் குழு, மெதுவானவர்கள் இரண்டாம் குழு. தினமும் ஒரு மாணவர் உய்க்கே பையாவுடன் எல்லோருக்கும் முன்னால் போய், பாதை பிரியும் இடங்களில் சுண்ணாம்புப் பொடியால் அம்புக்குறி போட வேண்டும். சரியான பாதையின் வாயில் அம்பு இருக்கும். இன்று அந்த வேலை எனக்குக் கிடைத்தது.

சுண்ணாம்பு மூட்டை நேற்றைய மழையில் நனைந்து பாறாங்கல்லாகியிருந்தது. உய்க்கே பையா, "பரவாயில்லை, கிளைகளை ஒடித்து வைத்துப் போவோம்" என்றார். கிளை ஒடிப்பது எனக்குப் போதவில்லை. அம்பு போடுகிறவள் என்று நேற்றே எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். "ஒரு நிமிடம்" என்று ஓடிப்போய் அம்மாவின் டப்பாவை எடுத்துவந்தேன். அம்மா குளிக்கப் போயிருந்தாள். கேட்கவில்லை. உய்க்கே பையா திறந்து பார்த்தார். வெள்ளைப் பொடி. தலையசைத்துவிட்டு நடந்தார்.

என் வாழ்க்கையில் மிகச் சிறந்த காலைப்பொழுது அது. நாங்கள் இருவர் மட்டும். பையா முன்னால் போய்ப் பாதையைப் பார்க்க, நான் குனிந்து அம்பு போட்டேன். காட்டில் மழை வாசனை. ஒரு மலை அணில், பூனையளவு பெரியது, மரத்தின் மேலிருந்து எங்களை அதட்டியது. கீழே இறங்க இறங்க வெயில் குறைந்து, சுவர்கள் நெருங்கி, பெரணிச் செடிகள் பாறையிலிருந்து தொங்கின. மேலே வானம் ஒரு நீல நாடா. சுவரின் இருபுறமும் அம்மா சொன்ன அதே வரிசை: அரக்கு, சந்தனம், பாக்கு. அம்மா இன்றாவது வேகமாக நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே ஒவ்வொரு அம்பையும் அழகாகப் போட்டேன்.

முதல் குழு வந்து சேர்ந்தது. பூரி, உருளைக்கிழங்கு, மாங்காய் ஊறுகாய். இரண்டாம் குழு வரவில்லை. வெயில் பாறையின் மறுபக்கம் போனது. அப்போதும் வரவில்லை.

இரண்டாம் குழுவின் வழிகாட்டி மட்டும் ஜீப் பாதையில் மூச்சிரைக்க வந்தார். அவர் குழுவில் ஒரு நாக்பூர்க்காரருக்கு வாந்தியாம், அவரை முகாமில் விட்டுவிட்டு வருகிறாராம். "மீதி மூன்று பேரையும் அம்பைப் பார்த்துப் போகச் சொன்னேன். இன்னுமா வரவில்லை?" அந்த மூன்று பேர் அம்மா, சிங்காரவேலு மாமா, ஷூ கடித்ததால் பின்தங்கிய ஹேமா அக்கா.

எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்டார்கள். நான் என் கடைசி அம்பைப் பார்த்தேன். அது என் காலடியில்தான் இருந்தது. அம்பின் தலையைக் காணோம். வால் பாதிதான் இருந்தது. மீதியைச் சுமந்துகொண்டு எறும்புகள் வரிசையாக ஒரு பாறைப் பிளவுக்குள் போய்க்கொண்டிருந்தன.

பிறந்ததிலிருந்து எங்கள் வாசலில் தினமும் பார்க்கும் காட்சி. எறும்பு தின்னும் மாவு என்று இரண்டு நாளைக்கு முன்னால் இந்த நோட்டிலேயே எழுதியிருக்கிறேன். முதல் பரிசு வாங்கிய எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

உய்க்கே பையாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே ஓடினேன்.

இறக்கத்தில் இரண்டாவது வளைவில், பாசி படிந்த பாறையில் கால் வழுக்கியது. வலது கணுக்கால் மடங்கியது. எழுந்து நிற்க முயன்றேன், முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்தேன். கீழே பள்ளம். அவர்கள் எந்தப் பிரிவில் திரும்பி எங்கே போயிருப்பார்கள் என்று நினைத்தேன். அம்மாவுக்கு யாரிடமும் வழி கேட்க மொழி தெரியாது, கேட்பதற்கு ஆளும் கிடையாது. அழுதேன். ரொம்ப நேரம் இல்லை, ஆனால் சத்தமாக.

அப்போது கீழே ஒரு குரல். "ஏன் ஆத்தா ஜெயக்கொடி, எறும்பு டீ குடிக்க எங்கயாச்சும் நிக்குமா, இப்படியே ஏறிக்கிட்டேதான் இருக்குமா?"

"பேசாம வாங்க அண்ணாச்சி. இந்தா, இங்கன மொய்ச்சிருக்கு பாருங்க. இங்கிட்டுதான்."

வளைவில் முதலில் அப்பாவின் சட்டை தெரிந்தது. அப்புறம் அம்மா. குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே வந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஓடிவந்தாள். அம்மா ஓடி நான் பார்த்ததே இல்லை. என் காலைத் தொட்டுப் பார்த்தாள், முகத்தைத் தொட்டுப் பார்த்தாள், பக்கத்தில் கிடந்த டப்பாவைப் பார்த்தாள்.

"மாவ எடுத்தியே, மூடிய எங்கடி வச்ச?"

எனக்கு மறுபடியும் அழுகை வந்துவிட்டது. ஹேமா அக்காதான் தண்ணீர் கொடுத்து, நடந்ததைச் சொன்னார்.

"மொத அம்பு பாதி தெரிஞ்சுதுங் கண்ணு. ரெண்டாவது எடத்துல ஒண்ணுமே இல்ல. மாமா இடதுங்கறாரு, நான் வலதுங்கறேன். பாத்தா உங்கம்மா குத்தவச்சு உக்காந்துட்டாங்க. பயந்துட்டாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். அவங்க எறும்பப் பாத்துட்டு இருக்கறாங்க!"

"காட்டெறும்பு வாயில பச்சரிசி மாவு ஏது?" என்றாள் அம்மா. "கண்டதும் தெரிஞ்சு போச்சு, எம் மக டப்பாவத் தூக்கிட்டான்னு. பெறகென்ன, எங்க எறும்பு மொய்க்குதோ அங்க அம்பு இருந்திருக்கு. அங்கிட்டுதான் வழி."

"காரைக்குடில போயி இத எப்படிச் சொல்லுவேன்?" என்றார் மாமா. "எறும்பு பின்னால நடந்து சாத்பூரா ஏறினவன் நான்தான்னு சொன்னா, ஓய்வூதியத்த நிறுத்திப்புடுவாக."

அம்மா சிரித்தாள். மூச்சு வாங்கியது, முகமெல்லாம் வேர்வை, முடியில் காய்ந்த இலை. நான் அழுதுகொண்டே அவளைப் பார்த்தேன். அவளுக்குப் பயமாகவே இல்லை போலிருந்தது. ஊரில் கடைக்குப் புதுச் சரக்கு வந்து இறங்கும் நாட்களில் மட்டும் அவள் முகம் அப்படி இருக்கும்.

உய்க்கே பையா தேடிவந்து என்னை முதுகில் சுமந்துகொண்டு ஏறினார். போகிற வழியில் அவரிடம் மாவைப் பற்றிச் சொன்னேன். அவர் நின்று, "அது மாவா?" என்றார். பிறகு வெகுதூரம் அவர் முதுகு குலுங்கிக்கொண்டே இருந்தது.

நிர்மலா தீதி சிரிக்கவில்லை. என்னைக் கண்டித்தார், மாவுக்காக இல்லை, சொல்லாமல் ஓடியதற்காக. நியாயம்தான். முகாம் டாக்டர் கட்டுப் போட்டார். எலும்பு முறியவில்லை, சுளுக்கு. இரண்டு நாள் கால் ஊன்றக் கூடாது.

ஆகவே நாளை நான் ஓவியப் பாறைக்குப் போக முடியாது. இந்த வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை மூடி வைத்தேன்.

நிர்மலா தீதி சொன்ன இன்னொன்றையும் எழுத வேண்டும். "உன் அம்மா மெதுவாக நடக்கிறார். ஆனால் அவர் தொலைந்துபோக மாட்டார். விரும்பினால் நாளை அவர் வரலாம்." இதை ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன்.

"நான் போயி என்னத்தப் பாக்கப் போறேன்? நீதான அதுக்கு வந்த" என்றாள் அம்மா. "ரெண்டு பேரும் இங்கனயே இருப்போம்."

"நீ போம்மா. போய் அந்தக் கை யாரப் பிடிச்சிருக்குன்னு பாத்துட்டு வா."

"எந்தக் கை?"

அப்போதுதான் தெரிந்தது. கட்டுரையில் எழுதியிருக்கிறேன், டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன், ரயிலில் அம்மா தூங்கும்போது எதிர் சீட்டுக்காரர்களிடம்கூடச் சொன்னேன். அம்மாவிடம் சொன்னதே இல்லை. புத்தகம், படம், ஓரத்தில் தெரியும் கை, ஜீப் விதி எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா போர்வையை என் காலுக்கு இழுத்துவிட்டாள். "இத மொத நாளே சொல்லிருந்தா வெரசா நடந்திருப்பேன்லடி" என்றாள்.

பிறகு, "சரி, போறேன். உனக்காகத்தான்" என்றாள்.

நான் இந்தப் பேச்சை எடுப்பதற்கு முன்பே அவளுடைய கேன்வாஸ் ஷூ கழுவப்பட்டுச் சமையல் அடுப்பின் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது. எதற்கு என்று கேட்க மறந்துவிட்டேன்.

29.12.1995, வெள்ளி. காலை.

அம்மா போய்விட்டாள். ஹேமா அக்காவின் சுடிதாரில்! "அப்பாட்ட மூச்சு விட்ட, அவ்வளவுதான்" என்று மிரட்டிவிட்டுப் போனாள். மாவு குறைவாக இருப்பதால் வாசலில் நான்கு இழை மட்டும். அவர்கள் மரங்களுக்குள் மறையும்வரை பார்த்தேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. அம்மாவின் மேல் பொறாமைப்படுவது இதுவே முதல் முறை.

அதே நாள். மதியம்.

சமையல்காரருடன் உட்கார்ந்து பட்டாணி உரித்தேன். ஒரு மலை அணில் கூடாரக் கயிற்றின் மேல் நடந்து பார்த்தது. எதிர்ச்சுவரின் நிறங்கள் மணிக்கு மணி மாறுகின்றன. காலையில் சந்தனம் பளிச்சென்று இருந்தது, இப்போது பாக்கு நிறம் மேலே வருகிறது. நடந்துகொண்டே இருந்திருந்தால் இதைப் பார்த்திருக்க மாட்டேன். இதை ஆறுதலுக்காக எழுதவில்லை. கொஞ்சம் ஆறுதலுக்காகவும்தான்.

அதே நாள். இரவு.

வெயில் தாழும்போது விசில் கேட்டது. வரிசையில் அம்மாவைக் கடைசியில் தேடினேன், இல்லை. நடுவில் வந்தாள். நிர்மலா தீதி இந்தியில் ஏதோ சொல்ல, அம்மா தமிழில் ஏதோ பதில் சொல்ல, இருவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். வந்தவள் ஷூவைக்கூடக் கழற்றாமல் என்னிடம்தான் வந்தாள்.

"பாத்தியாம்மா?"

"பாத்தேன்."

"மாமா, போட்டோ எடுத்தீங்களா?"

மாமா தலையைச் சொறிந்தார். "அங்க போயித்தான் ஆத்தா பாத்தேன், ரோல் முடிஞ்சு போச்சு. பூராவும் உங்கம்மா கோலத்துக்கும் வழியில கண்ட குரங்குப் பயலுகளுக்கும் எடுத்துத் தீத்துப்புட்டேன்."

"போட்டோ எதுக்கு?" என்றாள் அம்மா. "எந்திரி. டப்பா எங்க?"

டப்பாவுக்கு இப்போது மூடி இருக்கிறது. உய்க்கே பையா போகும்போது ஓடைக்கரைப் பாறையிலிருந்து எடுத்துவந்திருக்கிறார். கூடார வாசலில் பல்ப் எரிந்துகொண்டிருந்தது. ஹேமா அக்கா என்னைத் தாங்கிக் கொண்டுவந்து பெட்டியின்மேல் உட்காரவைத்தார். அம்மா பாறைத் தரையைக் கையாலேயே துடைத்து, சுடிதாரின் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதலில் ஒரு மான். கொம்பு மரக்கிளைபோல விரிந்தது. அதன் பின்னால் வில் பிடித்த ஒருவன், இரண்டே கோட்டில் உடம்பு. மேலே தேன்கூடு, ஏணியில் ஒருத்தி, சுற்றிலும் தேனீக்கள். தேனீக்களுக்குப் புள்ளி வைக்கும்போது அம்மாவின் விரல் என் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் போனது.

"எவளோ நம்மள மாதிரி ஒருத்திதான்டி போட்டிருக்கா" என்றாள். "இழை எங்கயும் தடிக்கல. ஒரே மூச்சுல இழுத்திருக்கா. சுவத்துல போட்ட கோலம், அவ்வளவுதான்."

ஆணாகவும் இருக்கலாம் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

அப்புறம் ஆடுகிறவர்களின் வரிசை. ஒவ்வொருவராக வந்தார்கள், புத்தகத்தில் பார்த்த அதே சாய்வு, அதே மடங்கிய முழங்கால். நான் மூச்சுவிடாமல் பார்த்தேன். படம் முடியும் இடம் வந்தது. அந்தக் கை நீண்டது. அம்மாவின் விரல் நின்றது.

"அடுத்து யாரும்மா?"

"அங்கன பாறை பேந்து போச்சு மொழி. நானும் ஏறி, குனிஞ்சு, ரெண்டு பக்கமும் பாத்துட்டேன். உய்க்கே தம்பிட்டயும் கேட்டேன், கையக் காட்டித்தான். அவர் தாத்தா காலத்துலயே விழுந்துருச்சாம். கை மட்டும்தான் இருக்கு."

மாமா, "அடடா" என்றார். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். புத்தகக்காரர் படத்தை வெட்டியதாக இரண்டு வருடங்கள் கோபப்பட்டேன். அவர் வெட்டவில்லை. அவ்வளவுதான் இருந்திருக்கிறது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. எனக்குப் பதில் கிடைத்துவிட்டது, அதைக் கொண்டுவந்தவள் அம்மா.

அம்மா டப்பாவின் அடியைச் சுரண்டினாள்.

"கோலத்த அந்தரத்துல விடக் கூடாது" என்றாள்.

நீண்டிருந்த கையைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் வந்தது. மற்றவர்களைவிடக் கொஞ்சம் பருமன். அதன் மறு கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறிய ஆள் வந்தது. அதற்கு ஒரு கால் மற்றதைவிடத் தடிமனாக, கட்டுப் போட்டதுபோல இருந்தது. மாவு அதோடு தீர்ந்தது.

"இவ ஆடுவாளா?" என்று கேட்டேன்.

"ரெண்டு நாளு கழிச்சு ஆடுவா" என்றாள் அம்மா.

நடந்ததை நடந்தபடியே எழுதுவதாக முதல் பக்கத்தில் சொல்லியிருப்பதால் குறிக்கிறேன்: கடைசி இரண்டு பேர் பாறையில் இல்லை.

அம்மா பக்கத்தில் படுத்து அதற்குள் தூங்கிவிட்டாள். நாளைக் காலை ஊருக்குக் கிளம்ப வேண்டும். கூடார வாயில் வழியாகப் பார்த்தால் கோலத்தின் மான்கொம்பில் ஒரு கறுப்புக் கோடு அசைகிறது. வந்துவிட்டன. விசில் ஊதிவிட்டார்கள். விளக்கை அணைத்துவிட்டார்கள்.